80ஐத் தாண்டிவிட்டாள், இனிப் பதிவுப் போட்டியா?

களுவாஞ்சிக்குடியில் பிறந்து இப்போது இங்கிலாந்தில் லெஸ்டர் பக்கம் இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு 16 வயது. 15.2 கை (அதாவது 15 கையும் 2 அங்குலமும், ஒரு கை நான்கு அங்குலம்) உயரமுள்ள 11 வயதுக் குதிரை ஒன்று இரண்டு வருடமாக அவர்களிடம் இருக்கிறது. ரைடிங் கிளப் போட்டிகளில் 80 சென்டிமீட்டர் தடைகளைத் தட்டாமல் தாண்டுகிறாள். இனி "அஃபிலியேட்டட்" போட்டிகளுக்குப் போகலாம் என்று பயிற்றுநர் சொல்கிறார். அது என்ன, காசு பிடுங்கும் வேலையா, எந்த உயரத்தில் தொடங்குவது, தாய் தகப்பன் இருவருக்கும் குதிரையைப் பற்றி ஒன்றுமே தெரியாதே, என்ன செய்வது? இவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நான் இப்போது கல்லடியில் இருக்கிறேன். அதற்கு முன் ஒன்பது வருடம் இங்கிலாந்தில், ஷோ ஜம்பிங், அதாவது களத்தில் வைத்த தடைகளை வரிசையாகத் தாண்டும் போட்டிக்கான குதிரைகள் வைத்திருந்த ஒரு லாயத்தில் வேலை செய்தேன். அங்கே போய் இறங்கும்வரை நான் கிட்ட நின்று பார்த்த ஒரே குதிரை, கோயில் வேட்டைத் திருவிழாவில் சாமி ஏறி வரும் மரக்குதிரைதான். அது உதைக்காது, கடிக்காது. ஆகவே ஒன்றும் தெரியாது என்பதற்காக வெட்கப்பட வேண்டாம். குதிரையில் ஏறுவது மகளின் பாடு. உங்களுக்குத் தெரிய வேண்டியது பத்துப் பதினைந்து விஷயம்தான்.

போகலாமா என்றால், போகலாம். ஆனால் சேருவது வேறு, தயாராவது வேறு. சேருவதற்கு ஒரு மாலை நேரமும் வங்கி அட்டையும் போதும். தயாராவதற்கு இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் முதல் பதிவுப் போட்டியில் பிள்ளைகளை அழ வைப்பது தடையின் உயரம் இல்லை. மணி, கொடி, போட்டிக்கு முன் குதிரையைப் பழக்கி உடம்பைச் சூடாக்கும் வார்ம் அப் களத்தின் நெரிசல், இதுவரை பார்த்திராத ஒரு நீலப் பலகை, இவைதான் அழ வைக்கும். உங்கள் மகளின் 80 தெரிந்த களத்தில், தெரிந்த தடிகளின் மேல் தாண்டிய 80. அதை மறக்க வேண்டாம்.

சரி, அஃபிலியேட்டட் என்றால் என்ன? உலக அளவில் குதிரை விளையாட்டுகளை நடத்துவது 1921இல் தொடங்கிய எஃப்.ஈ.ஐ. என்ற சர்வதேசச் சம்மேளனம், இருப்பிடம் சுவிட்சர்லாந்தின் லோசான். இங்கிலாந்தில் ஷோ ஜம்பிங்குக்குப் பொறுப்பு பிரிட்டிஷ் ஷோஜம்பிங். 1923இல் தொடங்கியது. அந்த அமைப்பின் விதிப்படி, அதன் அங்கீகாரம் பெற்ற நடுவரையும் கோர்ஸ் (களத்தில் தடைகளின் வரிசை) போடுபவரையும் வைத்து நடப்பது அஃபிலியேட்டட் போட்டி. நான் பதிவுப் போட்டி என்றே எழுதுகிறேன். மற்றதெல்லாம் கிளப் போட்டி. கிளப் போட்டியில் 90 என்று எழுதிவிட்டு 80 வைப்பார்கள், சில நாள் 95ம் வைப்பார்கள். தடைகளுக்கு இடையிலான தூரம் சரியாக அளந்திருக்கும் என்று நம்பவும் முடியாது. பதிவுப் போட்டியில் 90 என்றால் 90. இந்த ஒன்றுக்காகவே காசு கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பிழையான தூரத்தில் தடையை வைத்துவிட்டு, குதிரை நின்றுவிட்டது என்று அதன் மேல் பழி போடுகிற கூத்து அங்கே குறைவு. உறுப்புரிமையோடு பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் வருகிறது. உங்கள் குதிரை யாரையாவது உதைத்துவிட்டால் அதன் அருமை தெரியும்.

சேரும்போது சவாரி செய்பவர் பதிய வேண்டும், குதிரையையும் தனியே பதிய வேண்டும். கீழ் உயரங்களோடு நிற்பவர்களுக்கு மலிவான உறுப்புரிமையும் உண்டு. கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் தொகை எழுதவில்லை. குதிரை யார் பேரில் இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பாருங்கள். விற்றவரின் பெயரே இன்னும் குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டில் கிடப்பது நான் அடிக்கடி பார்த்த சங்கதி.

விற்றவர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. உங்கள் குதிரைக்கு 11 வயது. உங்களிடம் வரும்போது அதற்கு 9. அதற்கு முன் அது என்ன செய்தது? வேறொருவர் அதைப் பதிந்து, ஓட்டி, பரிசும் வாங்கியிருக்கலாம். பதிவுப் போட்டியில் முடிவுகள் சவாரியோடு மட்டும் போவதில்லை, குதிரையோடும் ஒட்டிக்கொண்டு வரும். தொடக்க வகுப்புகள், அதாவது கீழ் உயரப் போட்டிப் பிரிவுகள், புதிய குதிரைகளுக்கானவை. ஏற்கெனவே கூடுதலாகச் சம்பாதித்த குதிரைக்கு அங்கே இடமில்லை. உங்கள் மகள் புதியவள் என்பது குதிரையின் கணக்கை மாற்றாது. லாயத்தில் நீங்கள் கூப்பிடும் செல்லப்பெயரில் தேடாமல் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரில் தேடுங்கள். பழைய கணக்கு இருந்தால் வந்துவிடும். அப்படி இருந்தால் அது கெட்ட செய்தி என்றும் நினைக்க வேண்டாம். ஒரு மீட்டர் பத்து தாண்டிப் பழகிய குதிரை, 16 வயதுப் பிள்ளைக்கு நல்ல வாத்தியார்.

உயரப் படிகள் சுருக்கமாக இவை: பிரிட்டிஷ் நொவிஸ் 90 சென்டிமீட்டர், டிஸ்கவரி ஒரு மீட்டர், நியூகமர்ஸ் 1.10, ஃபாக்ஸ்ஹன்டர் 1.20. 90க்குக் கீழேயும் வகுப்புகள் நடக்கின்றன. முதல் சுற்றைப் பிழையில்லாமல் முடித்தவர்கள் நேரத்துக்காக மோதும் மறுசுற்று ஜம்ப் ஆஃப். முதல் சுற்றிலும் ஜம்ப் ஆஃப்பிலும் ஒரு பிழையும் இல்லாமல் முடித்தால் டபுள் கிளியர். அவற்றைச் சேர்த்துக்கொண்டு போனால் இரண்டாம் கட்டத் தகுதிப் போட்டி, அப்புறம் தேசிய இறுதிப் போட்டி என்று ஏணி நீளும். நியூகமர்ஸ், ஃபாக்ஸ்ஹன்டர் இறுதிகள் ஒக்டோபரில் பர்மிங்ஹாமில் நடக்கும் பெரிய உள்ளரங்க விழாவில். 148 சென்டிமீட்டருக்கு உட்பட்டவை போனி, அவற்றுக்கு வேறு ஏணி. உங்களுடையது 15.2 கை, அதாவது கிட்டத்தட்ட 157 சென்டிமீட்டர். சந்தேகமில்லாமல் குதிரைதான்.

மகளின் முதல் போட்டி 80ஆகவே இருக்கட்டும். அவள் முகத்தைத் தூக்கிக்கொள்வாள், பரவாயில்லை. வீட்டுக் களத்தில் 95 அல்லது ஒரு மீட்டரில் முழுக் கோர்ஸ் ஒன்றை, ஒரு தடையை மட்டும் என்றில்லாமல் எட்டுப் பத்துத் தடைகளையும் தொடர்ச்சியாக, அலுப்பாகத் தாண்டத் தொடங்கியபின் 90க்குப் போகட்டும். அலுப்பாக என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டும் உயரம், வெளியே போனால் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கூடிவிட்டது போல இருக்கும். குதிரைக்கும் அப்படித்தான்.

அதற்கு முன் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, பதிவுப் போட்டி நடத்தும் களங்களில் பல, சாதாரண நாட்களில் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். ஒருநாள் எடுத்து, அதே தடைகளை அதே இடத்தில் தாண்டிப் பாருங்கள். பார்வையாளரும் இல்லை, மணியும் இல்லை, குதிரை மூக்கை நீட்டி எல்லாவற்றையும் மோந்து பார்க்கட்டும். இரண்டாவது, ஃபில்லர். தடிக்குக் கீழே வைக்கும் வண்ணப் பலகைகள், பிளாஸ்டிக் பூச்சாடி, தண்ணீர் போலத் தெரியும் நீலத் தட்டு. ஒரு மீட்டர் தடியைக் காற்றுப் போலத் தாண்டும் குதிரை, அரை மீட்டர் உயர நீலத் தட்டின் முன் நான்கு காலையும் ஊன்றி நிற்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. இதற்குப் பெரிய செலவு வேண்டாம். சுனாமிக்குப் பிறகு நம் ஊரில் வீட்டுக்கு வீடு கிடந்ததே நீலத் தறப்பாள், அது போல ஒன்றை வாங்கி மடித்துத் தடிக்குக் கீழே போடுங்கள். ஓரங்களில் பாரம் வைக்க மறக்க வேண்டாம், காற்றில் படபடத்தால் பழக்கம் தலைகீழாகும். முதல் நாள் தறப்பாள் மட்டும் தரையில், அதன் மேல் நடக்க விடுங்கள். அடுத்த நாள் மேலே ஒரு தடி. ஒரு கிழமையில் நீல நிறம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்றாகிவிடும்.

இனிக் கோர்ஸை நடந்து பார்ப்பது. தாய் தகப்பன் உருப்படியாக உதவக்கூடிய இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

போட்டி தொடங்குமுன் சவாரி செய்பவர்களைக் களத்துக்குள் நடந்து பார்க்க விடுவார்கள். வேடிக்கை பார்க்க இல்லை, அளக்க. குதிரை கான்டரில், அதாவது நிதானமான பாய்ச்சல் ஓட்டத்தில் ஓடும்போது ஒரு ஸ்ட்ரைட் (ஒரு பாய்ச்சல் அடி) ஏறத்தாழ 3.6 மீட்டர். மனிதர் கொஞ்சம் எட்டி வைத்தால் ஓர் எட்டு 90 சென்டிமீட்டர். ஆக நம்முடைய நான்கு எட்டு, குதிரையின் ஒரு ஸ்ட்ரைட். தடையைத் தாண்டி இறங்க இரண்டு எட்டு, அடுத்த தடைக்கு எழும்ப இரண்டு எட்டு, இரண்டும் சேர்ந்து நான்கைக் கழித்துவிட்டு மீதியை நான்கால் பிரிக்க வேண்டும். இரண்டு தடைகளுக்கிடையே 20 எட்டு என்று வையுங்கள். நான்கு போனால் பதினாறு, நான்கால் பிரித்தால் நான்கு. நான்கு ஸ்ட்ரைட், தூரம் 18 மீட்டர். இரட்டைத் தடையில் இடையே ஒரு ஸ்ட்ரைட் என்றால் ஏழேகால் மீட்டர் போல இருக்கும், இரண்டு என்றால் பத்தரை மீட்டருக்கு அங்கே இங்கே. 19 எட்டோ 21 எட்டோ வந்தால்தான் கதை. குதிரையை இறுக்கிப் பிடிப்பதா, முன்னே விடுவதா என்று களத்துக்குள் போகுமுன்பே முடிவெடுக்க வேண்டும். 15.2 கைக் குதிரையின் ஸ்ட்ரைட் 3.6க்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கலாம். சிறிய உள்ளரங்கில் எல்லாக் குதிரைகளும் ஸ்ட்ரைட்டைச் சுருக்கும், திறந்த புல்வெளியில் நீட்டும்.

இந்தக் கணக்கு முழுக்க உங்கள் எட்டு எப்போதும் 90ஆக இருப்பதில் தங்கியிருக்கிறது. அதைப் பழகத்தான் வேண்டும். போன வருடம் விடுமுறைக்கு வந்த என் தங்கை மகளும் இப்படித்தான், அங்கே குதிரை ஓட்டுகிறாள், எட்டு மட்டும் கண்டபடி போகும். கல்லடிக் கடற்கரைக்குக் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். அளவுநாடாவை ஈர மணலில் 18 மீட்டருக்கு விரித்து, இரண்டு முனையிலும் தென்னம் மட்டையைக் குத்தி, "நட மனே" என்றேன். முதல் தரம் 23. இரண்டாம் தரம் 22. காலைத் தூக்கி எறிந்து நடந்ததில் மூன்றாம் தரம் 18. வலை இழுத்துவிட்டு வந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "என்னகா, காணி அளக்கிறீங்களா? யார்ர காணி?" என்று கேட்டார். குதிரைக்கு என்று சொன்னேன். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, என்னை மட்டும் ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டே போனார். ஐந்தாம் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாள், மட்டையில் கை படும்போது சரியாக 20.

நீங்கள் லெஸ்டரில் வீட்டுக்கு முன்னால் நடைபாதையிலேயே சோக்கால் கோடு போட்டுப் பழகலாம். அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள் என்பதை விடுங்கள். அம்மாவும் பழக வேண்டும். களத்தில் இரண்டு பேர் எண்ணி ஒரே எண்ணிக்கை வந்தால் பிள்ளைக்கு ஒரு தைரியம்.

போட்டி நாளைப் பற்றி. வார்ம் அப் களத்தின் வாசலில் வரிசைப் பலகை இருக்கும். உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு, முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இந்த வேலையை அப்பாவிடம் கொடுங்கள். பிள்ளைக்கு முன் பத்துப் பேர் இருக்கும்போது நடை, டிரொட் (துள்ளு நடை ஓட்டம்), கான்டர் முடிந்திருக்க வேண்டும். ஐந்து பேர் இருக்கும்போது பயிற்சித் தடைகள். ஆறேழு தாண்டல் போதும். பயத்தில் இருபது தாண்டவிட்டு, களத்துக்குள் களைத்த குதிரையோடு போகிறவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். எதிரெதிரே வந்தால் இடது கையும் இடது கையும் பார்க்கக் கடக்க வேண்டும். பயிற்சித் தடையிலும் கொடி உண்டு. சிவப்பு எப்போதும் சவாரியின் வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். எதிர்த் திசையிலிருந்து அதைத் தாண்டினால் ஒருவரோடு ஒருவர் மோதிக்கொள்வார்கள், அதனால் அதில் மன்னிப்பே இல்லை.

களத்துக்குள் போனதும் மணி அடிக்கும்வரை தொடக்கக் கோட்டைத் தாண்டவே கூடாது. தாண்டி முதல் தடையையும் தாண்டினால் கதை அங்கேயே முடிந்தது. நான் பார்த்துக்கொண்ட குதிரையோடு ஒரு பெண் இப்படித்தான் வெளியே வந்தாள், குதிரை அன்று பொன்னாக இருந்தது. சர்வதேச விதியில் மணி அடித்தபின் 45 வினாடி கிடைக்கும். நிறைய நேரம். ஒரு சுற்று நிதானமாகக் கான்டரில் போய், இரைச்சலான மூலையையும் பளபளப்பான பலகையையும் குதிரைக்குக் காட்டிவிட்டுத் தொடங்கலாம்.

தடி விழுந்தால் நான்கு பிழை. குதிரை மறுத்தாலும் நான்கு. சர்வதேச விதியில் இரண்டாவது மறுப்போடு வெளியேற்றம், சவாரி விழுந்தாலும் வெளியேற்றம். நேரத்துக்கும் பிழை உண்டு. 400 மீட்டர்க் கோர்ஸில் நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகம் என்று வைத்தால் 69 வினாடி கிடைக்கும். புதியவர்கள் இதைப் பார்த்துப் பயந்து விரட்டுவார்கள். முதல் ஆறு மாதம் நேரப் பிழையைக் கணக்கிலேயே எடுக்க வேண்டாம். ஜம்ப் ஆஃப் கிடைத்தாலும் விரட்ட வேண்டாம், இன்னொரு அமைதியான சுற்று என்று போகட்டும்.

தாள் வேலையில் பெரியது பாஸ்போர்ட். அங்கே ஒவ்வொரு குதிரைக்கும் பாஸ்போர்ட்டும் மைக்ரோசிப்பும் சட்டப்படி வேண்டும், குதிரை வண்டியில் போகும்போது பாஸ்போர்ட் கூடவே போக வேண்டும். இன்ஃபுளுவன்சா ஊசிகள் அதில்தான் பதிவாகும். விதியில் சொன்ன இடைவெளியைப் பூஸ்டர் தாண்டிவிட்டால், முதல் ஊசியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும், கிழமைக்கணக்கில் போட்டி போய்விடும். மிருக வைத்தியர் ஞாபகப்படுத்துவார் என்று இருக்காமல் நீங்களே கலண்டரில் எழுதுங்கள். நான் ஒரு தடவை பாஸ்போர்ட்டை லாயத்தின் மேசை இழுப்பறையில் விட்டுவிட்டு 40 மைல் போய் இறங்கினேன். திரும்பி எடுத்துக்கொண்டு வருவதற்குள் வகுப்பு முடிந்திருந்தது. அன்று வாங்கிய பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. அதன்பின் சேணமும் கடிவாளமும் ஏற்றுமுன் பாஸ்போர்ட்டை ஏற்றினேன்.

எந்த வெள்ளைக்காரப் பயிற்றுநரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்று: கொச்சிக்காய், அதாவது மிளகாய். சாப்பாட்டுப் பெட்டியில் சம்பல் கொண்டு போவீர்கள், போகத்தானே வேண்டும். ஆனால் அந்தக் கையால் குதிரையின் வாயையும் காலையும் தொட வேண்டாம். கொச்சிக்காயின் உறைப்பான கப்சைசின் இந்த விளையாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள். காலில் பூசினால் தோல் எரியும், தடி பட்டால் வலி கூடும் என்று பயந்து குதிரை காலை உயர்த்தும். அப்படி ஏமாற்றியவர்கள் இருந்ததால் வந்த தடை. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் நோர்வே அணியின் குதிரை ஒன்றில் இது அகப்பட்டு, அணியின் வெண்கலப் பதக்கமே பறிபோனது, சுவிட்சர்லாந்துக்குப் போனது. சொக்லட்டும் அப்படித்தான், அதிலுள்ள தியோபுரோமின் பரிசோதனையில் தெரியும். நொண்டிக்குக் கொடுக்கும் பியூட் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது போட்டியே இல்லை. கையைக் கழுவுங்கள், குதிரைக்குக் கரட் கொடுங்கள்.

காசு. உறுப்புரிமை ஒரு மூலைச் செலவுதான். பெரிய செலவு வண்டி. சாதாரணக் கார் அனுமதிப்பத்திரத்தோடு 3,500 கிலோ வரையான ட்ரெய்லரை இழுக்க 2021 டிசம்பர் முதல் தனிப் பரீட்சை வேண்டாம். அதற்காக அப்பா அன்றைக்கே குதிரையை ஏற்றிவிடக் கூடாது. வெறும் ட்ரெய்லரோடு பின்னால் எடுத்துப் பழகட்டும். உள்ளே 500 கிலோ நின்றுகொண்டு எடையை மாற்றினால் வளைவில் கார் எப்படி இழுக்கும் என்பது வேறு விஷயம். உடுப்பைப் பொறுத்தவரை கோட்டும் வெளிர்நிறக் காற்சட்டையும் பழையது வாங்கலாம். தொப்பி மட்டும் ஒருபோதும் பழையது வேண்டாம். தரக்குறி விதிப்புத்தகத்தில் உள்ளதாக இருக்க வேண்டும், ஒரு விழுகைக்குப் பின் புதியது.

மாதம் இரண்டு போட்டிக்கு மேல் வேண்டாம். குளிர்காலத்தில் உள்ளரங்கில் தொடங்குவது நல்லது: தரை ஒரே மாதிரி, காற்று இல்லை, கூட்டமும் குறைவு. உங்கள் பகுதியில் இளையோருக்கான பயிற்சிக் குழுக்களை பிரிட்டிஷ் ஷோஜம்பிங்கே நடத்துகிறது. அதில் சேர்த்துவிடுங்கள், கூட்டாளிகள் கிடைப்பார்கள்.

கேள்வியின் கடைசி வரியில், களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தாத்தா "இலங்கைக்காக ஓடுவாளா?" என்று கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். தாத்தா கேட்டதில் பிழையில்லை. இலங்கையில் பிறந்து ஸ்வீடன் நாட்டுப் பெற்றோர் தத்தெடுத்து வளர்த்த மெதில்டா கார்ல்சன், 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷோபின் என்ற குதிரையோடு இலங்கைக்காக ஷோ ஜம்பிங்கில் இறங்கினார். எந்த நாட்டுக்காக ஓடுகிறாரோ அந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும். அங்கே தடைகள் 1.60 மீட்டரைத் தொடும். உங்கள் மகள் இப்போது 80இல். நடுவில் இருக்கும் 80 சென்டிமீட்டரைப் பற்றித் தாத்தாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், ஆசையோடு இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டில் உள்ள குதிரையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். பழைய கணக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, முதல் வகுப்பு எது என்பதைச் சொல்கிறேன்.